தூண்டிலின் இரு முனைகள்

மழை ஓய்ந்து கண்மாய் நிறைந்திருந்த ஒரு மாலைப்பொழுது. சமயநல்லூருக்கு அருகே கரையில் அமர்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார் எமது பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர். மூங்கில் கம்பு, நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, முள்ளில் கோத்த மண்புழு. இவ்வளவே அவருடைய கருவிகள். அருகில் அவருடைய பேரன். ஸ்காட்லாந்து நாட்டின் அபர்தீன் நகரில் எண்ணெய் நிறுவனமொன்றில் பொறியாளராகப் பணிபுரிபவர், விடுமுறைக்கு வந்திருந்தார். நோயுற்ற ஒருவரைச் சந்தித்துவிட்டு அவ்வழியே திரும்பிய நானும் அவர்களோடு சற்று நேரம் அமர்ந்தேன்.

பேரன் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். டீ என்னும் ஆற்றில், இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, முழங்கையைவிட நீளமான சால்மன் மீனொன்றை இரு கைகளிலும் ஏந்தியிருந்தார். முகமெல்லாம் மகிழ்ச்சி. தாத்தாவும் மகிழ்ந்துபோனார்.

"பெரிய மீனா இருக்கேய்யா! என்ன செஞ்சீக, கொழம்பா, வறுவலா?"

"சாப்பிடல தாத்தா. படம் எடுத்துட்டு ஆத்துலயே திரும்ப விட்டுட்டேன். அங்க அப்படித்தான்."

முதியவர் சற்று நேரம் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "திங்கிறதுக்கு இல்லைன்னா எதுக்குய்யா அது வாயில முள்ளக் குத்தணும்?"

"நீங்க கொன்னுடுறீங்களே தாத்தா. நான் உயிரோட விட்டேன்ல?"

இருவரும் என் பக்கம் திரும்பினர். "நீங்களே சொல்லுங்க சாமி" என்றார் முதியவர்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒப்புரவு அருட்சாதனம் வழங்கி வருகிறேன். இப்படியொரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கொன்று உண்பவர் இரக்கமற்றவரா? கொல்லாமல் விடுபவர் இரக்கமுள்ளவரா? விடை எளிதென்று தோன்றியது. யோசிக்க யோசிக்க அவ்வளவு எளிதன்று என்பது புலப்பட்டது. அன்று நான் சொல்லத் தவறிய விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

ஆற்றுக்குத் திரும்பும் மீன்

முதலில் அந்த மீனைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். அத்திலாந்திக் சால்மன் ஆற்றின் கூழாங்கற்களுக்கிடையே முட்டையிலிருந்து பிறக்கிறது. சில ஆண்டுகள் ஆற்றில் வளர்ந்து, கடலுக்குச் சென்று, கிரீன்லாந்து அருகேயுள்ள குளிர்நீர் வரை பயணம் செய்கிறது. பருவம் வந்ததும், தான் பிறந்த அதே ஆற்றுக்கு, அதன் நீரின் மணத்தை நுகர்ந்தறிந்து திரும்பி வருகிறது. வரும் வழியில் நீர்வீழ்ச்சிகளையும் எதிர்த்துத் தாவுகிறது. முட்டையிடுவதற்காக ஆற்றில் நுழைந்தபின் அது இரை எடுப்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பே அதற்கு உணவு.

ஆக, ஸ்காட்லாந்தின் டீ, டே, ஸ்பே, ட்வீட் ஆறுகளில் சால்மனுக்குத் தூண்டில் வீசுகிறவர், பசியாத மீனுக்குத்தான் வீசுகிறார். இறகுகளையும் வண்ண நூல்களையும் முள்ளில் கட்டிச் செய்த பொய்ப்பூச்சியை அது ஏன் கவ்வுகிறது என்று கேட்டால், சினத்தால் என்பர் சிலர். பழக்கத்தால் என்பர் வேறு சிலர். எதுவாயினும், கவ்வியபின் அது போராடும். அந்தப் போராட்டமே அவ்விளையாட்டின் உச்சம். 1922-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் டே ஆற்றில் ஜார்ஜினா பாலன்டைன் என்னும் பெண்மணி 64 பவுண்டு எடையுள்ள சால்மனைப் பிடித்தார். தூண்டிலில் பிடிபட்ட சால்மன்களில் பிரிட்டனின் மிகப் பெரிய மீன் இன்றுவரை அதுவே. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அது இழுத்த கதையை அந்நாட்டார் இன்றும் பெருமையோடு சொல்கின்றனர்.

இன்று அங்கே நிலைமை மாறிவிட்டது. சால்மன்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பிரிட்டனின் சால்மனை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது. 2016 முதல், மீன்வளம் குன்றிய ஆறுகளில் பிடிபடும் சால்மனை உயிருடன் விட்டுவிட வேண்டும் என்பது ஸ்காட்லாந்தின் சட்டம். மற்ற ஆறுகளிலும் பெரும்பாலோர் தாமாகவே விட்டுவிடுகின்றனர். எமது பங்கின் இளைஞர் செய்தது இதைத்தான். அவர் சட்டத்தை மதித்தவர். மீனைக் கவனமாகக் கையாண்டவர். அவரைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

நம் மலைகளுக்கு வந்த டிரௌட்

இவ்விளையாட்டு நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. சென்னை மாகாணத்தை ஆண்ட ஆங்கிலேயர், நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளைக் கண்டபோது தம் சொந்த ஊர் ஓடைகளை நினைத்து ஏங்கினர். ஓடை இருந்தது, மூடுபனி இருந்தது, புல்வெளி இருந்தது. டிரௌட் என்னும் மீன் மட்டும் இல்லை. இராணுவ மருத்துவரும், பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை எழுதியவருமான பிரான்சிஸ் டே, 1860-களில் டிரௌட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். குளிர்நீரில் மட்டுமே வாழும் உயிரை வெப்பக்கடல் கடந்து கொண்டுவருவது அக்காலத்தில் எளிதாக இல்லை, முயற்சி நிலைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பாரின் முயற்சியால் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரௌட் அங்கே நிலைபெற்றது. மூணாறு மலைகளில் தேயிலைத் தோட்டக்காரர்களும் இவ்வாறே செய்தனர். இலங்கையின் நுவரெலியா ஓடைகளுக்கு டிரௌட் 1880-களிலேயே வந்துவிட்டது.

ஒரு மனிதரின் ஊர் ஏக்கம் எவ்வளவு ஆழமானது என்று வியக்கிறோம். அதே வேளையில், அந்த ஓடைகளில் ஏற்கெனவே வாழ்ந்த சிறுமீன்களையும் தவளைகளையும் நீர்ப்பூச்சிகளையும் பற்றி யார் கவலைப்பட்டார்கள் என்று கேட்காமலிருக்க முடியவில்லை. வேற்றிடங்களில் புகுந்து பெருங்கேடு விளைவிக்கும் நூறு உயிரினங்கள் என உலக அளவில் தொகுக்கப்பட்ட பட்டியலில் வானவில் டிரௌட்டும் பழுப்பு டிரௌட்டும் இடம்பெற்றுள்ளன. அதே பட்டியலில், 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று நம் கண்மாய்களை நிறைத்திருக்கும் ஜிலேபிக் கெண்டையும் இருக்கிறது. மலையில் விளையாட்டுக்காகச் செய்ததையே சமவெளியில் உணவுக்காகச் செய்தோம். படைப்பை நம் வசதிக்கேற்ப இடம் மாற்றும் துணிவு ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதன்று.

மறுபுறத்தையும் சொல்வதே நேர்மை. நீலகிரியின் விலங்குகளையும் மீன்களையும் காக்க 1879-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டதற்கு, வேட்டையிலும் தூண்டிலிலும் நாட்டமுடைய அம்மனிதர்களே தூண்டுகோலாயினர். தூண்டில் போடுகிறவன் ஆற்றை உற்றுப் பார்க்கிறான். நீர் எப்போது தெளிகிறது, எந்தப் பூச்சி எப்போது பறக்கிறது, எந்தக் கல்லின் நிழலில் மீன் தங்குகிறது என்பதையெல்லாம் அறிகிறான். அறிந்ததை நேசிக்கிறான். நேசிப்பதைக் காக்கிறான். நாமோ வைகையில் விளையாட்டுக்காகத் தூண்டில் போடுவதில்லை. நகரின் கழிவுகளை அதில் கலக்கவிட்டோம். சாக்கடை சேர்ந்த நீர்நிலைகளில் மீன்கள் செத்து மிதக்கும்போது, அவற்றைக் கொன்றவர் யார் என்று எவரும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிறோம்.

மீனுக்கு வலிக்குமா?

மீனுக்கு உணர்ச்சி குறைவு, அதற்கு வலிக்காது என்று நெடுங்காலம் நம்பினோம். 2003-ஆம் ஆண்டில், எடின்பரோ நகருக்கருகேயுள்ள ராஸ்லின் ஆய்வு நிறுவனத்தில் லின் ஸ்னெடனும் அவருடைய துணைவர்களும் வானவில் டிரௌட்டை ஆராய்ந்தனர். அதன் தலைப்பகுதியில் அவர்கள் சோதித்த 58 உணர்வேற்பிகளில் 22, திசுவுக்கு ஊறு நேர்வதை அறிவிப்பவை என்று கண்டனர். உதட்டில் தேனீ நஞ்சோ புளிக்காடியின் அமிலமோ செலுத்தப்பட்ட மீன்கள் ஏறத்தாழ மூன்று மணி நேரம் இரை தேடவில்லை. மற்றவை அதில் பாதி நேரத்திலேயே இரைக்குத் திரும்பின. அமிலம் செலுத்தப்பட்டவற்றுள் சில, தம் உதடுகளைத் தொட்டியின் கற்களில் தேய்த்துக்கொண்டன.

நம்மைப் போன்ற மூளைப்புறணி மீனுக்கு இல்லை. ஆகவே அது படுவது நாம் படும் வலியன்று என்று வாதிடும் அறிஞர்களும் உள்ளனர். அந்த வழக்கை முடித்துவைக்க நான் அறிவியலாளன் அல்லன். ஆனால் அறநெறி இறையியலில் நாங்கள் கற்ற பாடம் ஒன்று உண்டு: புதருக்குள் அசைவது மானா மனிதனா என்று ஐயமிருந்தால் அம்பு எய்யாதே. வலியைப் பற்றிய ஐயத்திலும் அந்த எச்சரிக்கை பொருந்தும்.

திருச்சபையின் மரபு மீன்பிடித்தலைக் கனிவோடே பார்த்து வந்துள்ளது. 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், குருக்கள் விலங்கு வேட்டையிலும் பறவை வேட்டையிலும் ஈடுபடுவதைத் தடை செய்தது. மீன்பிடித்தலை அத்தடையில் சேர்க்கவில்லை. ஆண்டவர் முதலில் அழைத்த நால்வரும் மீனவர்களாயிற்றே! 1653-இல் ஐசக் வால்டன் என்னும் ஆங்கிலேயர் தூண்டில் கலையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூல், அதைத் தியானிப்போருக்குரிய பொழுதுபோக்காகவே அறிமுகப்படுத்தியது.

தியானம் உண்மைதான். ஆனால் தூண்டிலுக்கு இரு முனைகள் உண்டு. ஒரு முனையில் தியானம். மறு முனையில் உயிரச்சம். சூதாட்டத்தின் தீமையை விளக்க வந்த வள்ளுவப் பெருந்தகை, சூதில் பெறும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிட்டார். கம்பைப் பிடித்திருப்பவன் பக்கம் நிற்காமல், முள்ளை விழுங்கியதன் பக்கம் நின்று அவர் அந்த உவமையைக் கண்டார். அறம் எப்போதும் மறுமுனையிலிருந்தே தொடங்குகிறது.

ஒரு சோதனைக் கேள்வி

இப்போது முதியவரின் வினாவுக்கு வருவோம். திருச்சபையின் மறைக்கல்வி நூல், விலங்குகளை உணவுக்கும் உடைக்கும் பயன்படுத்துவதை ஏற்கிறது. தேவையின்றி அவற்றை வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரணானது என்கிறது. எது தேவை, எது தேவையின்மை என்பதை எப்படி அளப்பது? கொன்றோமா விட்டோமா என்ற கணக்கு போதாது. எனக்குத் தோன்றிய அளவுகோல் ஒரு கேள்விதான்: மீன் போராடாமல் வந்துவிட்டால், யாருக்கு ஏமாற்றம்?

கண்மாய்க் கரை முதியவரின் தூண்டிலில் விரால் ஒன்று துன்பமே இல்லாமல் வந்து விழுந்தால், அவர் மகிழ்வார், அடுப்பு எரியும், வீட்டார் உண்பர். மீன் படும் பாடு அவருக்கு வேண்டியதன்று. அதைத் தவிர்க்க வழியிருந்தால் தவிர்த்துவிடுவார். சால்மன் ஆற்றில் நிற்பவருக்கோ, மீன் துள்ளாமல், இழுக்காமல், கட்டை போல வந்தால் அன்றைய நாளே வீண். மீனின் போராட்டம்தான் அவர் பணம் கொடுத்து வாங்கிய பொருள். போராட்டம் என்று நாம் அழகாகச் சொல்வது, மீனின் பக்கத்திலிருந்து பார்த்தால், உயிர் பிழைக்கும் பதற்றம். முன்னவருக்கு வலி, நோக்கத்தின் ஓரத்தில் நிகழும் விளைவு. பின்னவருக்கு வலியின் அடையாளமே இன்பத்தின் ஊற்று. இவ்வேறுபாட்டை, மீனைத் திரும்ப ஆற்றில் விடுவதால் அழித்துவிட முடியாது. விடுவது நல்லது, கொல்வதைவிட நல்லது. முறையாக விடப்படும் சால்மன்களில் பெரும்பாலானவை பிழைத்து முட்டையிடுகின்றன என்பதும் உண்மை. ஆயினும், தீங்கு செய்தபின் காட்டும் கனிவு, அந்தத் தீங்குக்கு முன்தேதியிட்டு வழங்கும் அனுமதிச்சீட்டு ஆகாது.

புனித தோமா அக்குவினா இதன் ஆபத்தை வேறொரு வழியில் கண்டார். விலங்குகளிடம் இரக்கம் பழகுகிறவன் மனிதரிடமும் இரக்கம் காட்ட எளிதாகப் பயிற்சி பெறுகிறான். கொடுமை பழகுகிறவன் கொடுமைக்குப் பயிற்சி பெறுகிறான் என்பது அவர் கருத்து. மீனுக்காக மட்டுமன்றி, மீன் பிடிப்பவனுக்காகவும் அவர் கவலைப்பட்டார்.

இக்கேள்வியை ஸ்காட்லாந்தை நோக்கி மட்டும் வீசிவிட்டு நாம் தப்பிக்கலாகாது. சமயநல்லூரிலிருந்து சற்றுத் தொலைவிலேயே அலங்காநல்லூர். 2014-இல் உச்ச நீதிமன்றம் தடுத்ததும், 2017-இல் இளைஞர்கள் திரண்டெழுந்து புதிய சட்டம் வந்ததும், 2023-இல் அதே நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டதும் நாம் அறிந்தவை. ஆண்டு முழுவதும் பிள்ளையைப் போல் காளையை வளர்க்கும் அன்பையும் அறிவோம். வாடிவாசலிலிருந்து வரும் காளை மிரளாமல் நின்றுவிட்டால் நமக்கு ஏமாற்றமா, இல்லையா? தீர்ப்பு வழங்க நான் முன்வரவில்லை. கேள்வியைத் தவிர்க்க எனக்கோ உங்களுக்கோ உரிமையில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

கோடையில் கண்மாய் வற்றும்போது நம் ஊர்களில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவிலும் ஆரவாரம் உண்டு. ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும், ஊத்தாவும் வலையும் கொண்டு ஊரே நீரில் இறங்குகிறது. அங்கே மகிழ்ச்சி எதில்? பலருக்குப் பகிர்வில். பிடித்த மீனை விற்கக் கூடாது, சமைத்து உறவினர்க்கும் அண்டை வீட்டார்க்கும் பங்கிட வேண்டும் என்ற வழக்கம் பல ஊர்களில் இன்னும் நிற்கிறது. மீன் தன் உயிரைக் கொடுத்து ஓர் ஊரை ஒரே பந்தியில் அமர்த்துகிறது. அந்தப் பகிர்வு நின்று, ஆரவாரம் மட்டும் எஞ்சினால், அந்தத் திருவிழாவும் நம் சோதனைக் கேள்வியில் தேறாது.

ஆண்டவரின் தூண்டில்

நற்செய்தி நூல்களில் மீன்பிடிப்புகள் எல்லாம் வலையில் நிகழ்பவை. தூண்டிலைப் பற்றி ஆண்டவர் பேசியது ஒரே ஓர் இடத்தில் (மத் 17:27). கோவில் வரி கேட்டு வந்தவர்களுக்கு இடறலாக இருக்க வேண்டாமென்று, கடலில் தூண்டில் போடுமாறு பேதுருவிடம் சொல்கிறார். முதலில் வரும் மீனின் வாயில் ஒரு நாணயம் இருக்கும். அது இருவருக்கும் போதும். எவ்வளவு கச்சிதமான கணக்கு! ஒரே மீன், ஒரே நாணயம், ஒரு தேவை. உயிர்த்த ஆண்டவரும் திபேரியக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, இரவெல்லாம் உழைத்துக் களைத்த சீடர்களைச் சாப்பிட அழைக்கிறார். உணவாகிய மீன் அங்கே அன்பின் மொழியாகிறது.

இன்னோர் இடம் என்னை உறுத்துகிறது. மனிதரைப் பிடிப்பவனாவாய் என்று ஆண்டவர் பேதுருவிடம் சொல்வதாக லூக்கா எழுதும்போது (லூக் 5:10), கிரேக்க மூலத்தில் அவர் கையாளும் வினைச்சொல்லுக்கு உயிரோடு பிடித்தல் என்பது பொருள். கொல்வதற்காக அன்று, வாழ்விப்பதற்காகப் பிடித்தல். குருக்களாகிய நாங்கள் இச்சொல்லை எங்கள் பணியின் பெருமையாகக் கொள்கிறோம். ஆனால் நாங்கள் பிடித்தவர்களின் வாயில் முள் தைத்த காயம் இல்லையென்று எங்களால் சொல்ல முடியுமா?

சில ஆண்டுகளுக்குமுன் ஒரு கிறிஸ்து பிறப்புக் காலத்தில், நலிந்தோர்க்கு அரிசி வழங்கினோம். கைம்பெண் ஒருவர் மூட்டையை வாங்கிக்கொண்டு விரைந்து செல்ல முற்பட்டார். படம் சரியாக விழவில்லை என்று அவரைத் திரும்ப அழைத்து, மூட்டையை மீண்டும் என் கையில் வாங்கி, மீண்டும் கொடுத்தேன். அவர் தலை குனிந்தே நின்றார். படம் நன்றாக வந்தது. அவரை விட்டுவிட்டேன். இன்றைக்கு அந்த இளைஞரின் கைப்பேசிப் படத்தைப் பார்க்கும்போது, அந்தப் படமே என் நினைவுக்கு வருகிறது. அப்பெண் கண் கலங்காமல், நன்றி சொல்லாமல், நிமிர்ந்து நடந்து சென்றிருந்தால், எனக்கு ஏமாற்றமாக இருந்திருக்குமோ? ஆம், சிறிது இருந்திருக்கும். அந்தச் சிறிதளவுதான் என் தூண்டில் முள்.

பிறர் படும் பாட்டில் நம் மகிழ்ச்சியின் பங்கு எவ்வளவு என்று அளந்து பார்ப்பது, ஆற்றங்கரைக்கு மட்டும் உரிய பயிற்சியன்று. வகுப்பறையில் மாணவரைத் திணறடித்து மகிழும் ஆசிரியருக்கும், கடன் கேட்டு வந்தவரைக் காக்கவைத்து மகிழும் உறவினருக்கும், மருமகளின் பதற்றத்தில் தம் அதிகாரத்தைச் சுவைக்கும் மாமியாருக்கும் அது உரியது. இவர்களில் எவரும் கொல்வதில்லை. எல்லாரும் கடைசியில் விட்டுவிடுகிறார்கள்.

கரையில் கிடைத்த விடை

அன்று மாலை நான் விடை சொல்லவில்லை என்றேன். விடை வேறு வழியில் வந்தது. தக்கை அமிழ்ந்தது. முதியவர் கம்பை உயர்த்தினார். விரல் நீளமே உள்ள கெண்டைக் குஞ்சு ஒன்று நரம்பின் நுனியில் துடித்தது. அவர் கையை நீரில் நனைத்துக்கொண்டு, முள்ளை மெல்லக் கழற்றி, அதைக் கண்மாயில் விட்டார்.

பேரன் சிரித்தார். "பாத்தீங்களா சாமி? தாத்தாவும் பிடிச்சுட்டு விட்டுட்டாரு."

முதியவர் சிரிக்கவில்லை. "இது தப்பா மாட்டிக்கிருச்சுய்யா. அதான் விட்டேன்" என்றார். நீர்மேல் எழுந்த வட்டம் அடங்கும்வரை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இளைஞர் அதன்பின் வெகுநேரம் பேசவில்லை. ஊருக்குத் திரும்புமுன் ஆலயத்திற்கு வந்தவர், அடுத்த பருவத்தில் அந்த ஆற்றுக்குச் செல்வது பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை என்றார். நான் வற்புறுத்தவில்லை. ஆற்றுக்குப் போங்கள், தூண்டில் இல்லாமலும் ஒரு நாள் போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். ஆலயத்தின் தகவல் பலகையில் இருந்த பழைய அரிசி வழங்கும் படத்தை அன்றிரவே நான் எடுத்துவிட்டேன்.